அமெரிக்க இடைக்காலத் தேர்தல்களின் முன்கூட்டிய வாக்குப்பதிவை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2022 அக்டோபர் 17ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்தில் முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியது. அந்த ஒரே நாளில் 1,31,318 பேர் நேரில் வந்து வாக்களித்தார்கள். முந்தைய இடைக்காலத் தேர்தலான 2018இல் முதல் நாள் வந்தவர்கள் 70,849 பேர்தான். அதாவது 85 சதவீத உயர்வு. செய்திகள் முழுக்க ‘சாதனை’ என்ற பேச்சாகவே இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தேர்தல் முடிந்தது. ஆளுநர் போட்டியில் 2018இல் விழுந்த வாக்குகள் 39,39,328. 2022இல் 39,53,408. கூடியது 14,080 வாக்குகள். முதல் நாளில் மட்டும் கூடுதலாக வந்தவர்கள் 60,469 பேர். கடைசியில் மொத்தமாகக் கூடியது அதில் கால் பங்குகூட இல்லை.

இரண்டு கணக்கிலும் தவறில்லை. முதல் நாள் எண்ணிக்கையைப் பார்த்து, மொத்த வாக்குப்பதிவும் அப்படியே ஏறும் என்று முடிவு கட்டியதுதான் தவறு. முதல் நாள் முதல் காட்சிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து படம் நூறு நாள் ஓடும் என்று சொல்வது போன்றது அது. 2026 நவம்பர் 3ஆம் தேதி அடுத்த இடைக்காலத் தேர்தல். இதே வகைத் தலைப்புகள் மறுபடியும் வரும். அந்த எண்களை நீங்களே எடுத்துச் சரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அதிபரின் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வருவது இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும், பல மாகாணங்களில் ஆளுநர் பதவிக்கும் அப்போது தேர்தல் நடக்கும். தேர்தல் நாள் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் அதற்குச் சில வாரங்கள் முன்பே நேரில் போய் வாக்களிக்கலாம், அல்லது தபாலில் அனுப்பலாம். இவை இரண்டும் சேர்ந்ததுதான் முன்கூட்டிய வாக்குப்பதிவு. இந்தியாவில் இருப்பது போல எல்லாவற்றையும் நடத்தும் ஒரே தேர்தல் ஆணையம் அங்கே கிடையாது. ஒவ்வொரு மாகாணமும் தன் சட்டப்படி நடத்துகிறது, பெரும்பாலும் கவுண்டிகள் (மாகாணத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) வாக்குகளை எண்ணுகின்றன. இந்தக் கணக்கில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

‘வாக்குப்பதிவு கூடியிருக்கிறதா?’ என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முன்கூட்டியே வாக்களிப்பவர்கள் கூடியிருக்கிறார்களா? மொத்தமாக வாக்களிக்கப் போகிறவர்கள் கூடுவார்களா? எந்தக் கட்சிக்காரர்கள் அதிகமாக வருகிறார்கள்? முதல் கேள்விக்கு அன்றன்றைய தரவே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குக் கூடுதல் வேலை வேண்டும். மூன்றாவதற்குப் பல மாகாணங்களில் நேரடியான பதிலே கிடையாது. எதைத் தேடுகிறோம் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் கேள்வி மாறிவிட்டால் கணக்கும் தடம் மாறிவிடும்.

படி 2: இரண்டு தேர்தலுக்கும் சட்டம் ஒன்றுதானா?

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. இரண்டு இடைக்காலத் தேர்தல்களுக்கு நடுவில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் மாகாணச் சட்டமன்றம் விதிகளையே மாற்றியிருக்கும்.

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் அங்கே தபாலில் வாக்களிக்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். 2019இல் வந்த ‘சட்டம் 77’ அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 2022இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் வாக்குகள் வந்தன. இதை 2018உடன் ஒப்பிட்டு ‘பல மடங்கு உயர்வு’ என்று எழுதினால், அது மக்களின் ஆர்வத்தை அளப்பது ஆகாது. சட்டம் மாறியதைத்தான் அளந்திருக்கிறோம்.

நியூயார்க்கில் நேரடி முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியதே 2019இல்தான். ஆகவே அங்கே 2018க்கு எண்ணே கிடையாது. நெவாடா 2021இல் சட்டம் போட்டு எல்லா வாக்காளர்களுக்கும் தபால் வாக்குச்சீட்டு அனுப்புவதை நிரந்தரமாக்கியது. கலிபோர்னியாவும் அதே ஆண்டில் அதையே செய்தது. கொலராடோ 2013இலேயே அந்த முறைக்குப் போய்விட்டது. எனவே அங்கே 2010ஐயும் 2014ஐயும் ஒப்பிட முடியாது, 2014க்குப் பிறகான தேர்தல்களை ஒப்பிடலாம். ஓரிகன் இன்னும் பழையது. 1998இல் வாக்காளர்களே வாக்களித்து முழுத் தபால் முறையைக் கொண்டுவந்தார்கள். அலபாமா, மிசிசிப்பி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணங்களில் நேரடி முன்கூட்டிய வாக்குப்பதிவு இல்லவே இல்லை.

ஜார்ஜியாவிலும் சட்டம் மாறியது. 2021இல் வந்த ‘எஸ்.பி. 202’ தபால் வாக்குக்கு அடையாள எண் கேட்டது, விண்ணப்பிக்கும் கால அவகாசத்தைக் குறைத்தது. அதே சட்டம் நேரடி வாக்குப்பதிவுக்கு இரண்டாவது சனிக்கிழமையைக் கட்டாயமாக்கியது. ஒரு வழி குறுகியது, இன்னொரு வழி அகலமானது. 2022இல் நேரடி எண்ணிக்கை ஏறியதை இந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும். சட்டத்தை ஆதரித்தவர்கள் அந்தச் சாதனை எண்ணைக் காட்டி ‘யாரையும் தடுக்கவில்லை’ என்றார்கள். முன்கூட்டிய எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த வாதத்தை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதற்கு மொத்த வாக்குப்பதிவு விகிதத்தை இனம், வயது வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் அடிப்படையிலேயே மாறியிருந்தால் அந்த மாகாணத்தை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நாடு முழுவதையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேலே சொன்ன எல்லா மாற்றங்களும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. ஓர் உதாரணம் போதும். முன்கூட்டியே வாக்களித்தவர்கள் 2018ஐவிட 2022இல் அதிகம். ஆனால் தகுதியுள்ள குடிமக்களில் வாக்களித்தவர்களின் விகிதம் 2018இல் சுமார் 50 சதவீதம், 2022இல் சுமார் 46 சதவீதம். முதல் எண் ஏறியது, இரண்டாவது இறங்கியது.

படி 3: தரவை எங்கே எடுப்பது?

மாகாணச் செயலாளர் அலுவலகம் அல்லது மாகாணத் தேர்தல் வாரியத்தின் இணையதளம்தான் மூலம். வட கரோலினா, ஜார்ஜியா போன்றவை ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு வரி என்ற கணக்கில் முழுக் கோப்பையே தினமும் வெளியிடுகின்றன. பல மாகாணங்களை ஒரே இடத்தில் பார்க்க, புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் மெக்டொனால்டு தேர்தல்தோறும் தொகுத்துத் தரும் பட்டியல் உதவும். தேர்தல் முடிந்த பிறகு கூட்டாட்சித் தேர்தல் உதவி ஆணையம் எல்லா மாகாணங்களிலும் நடத்தும் கணக்கெடுப்பு அறிக்கை வரும். ஏழெட்டு மாதம் ஆகும், ஆனால் விரிவானது.

கோப்பை இறக்கியதும் வரிகளை எண்ணி ‘இத்தனை வாக்குகள்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஜார்ஜியாவின் கோப்பில் ஒரே வாக்காளருக்கு இரண்டு வரிகள் இருக்கலாம். முதலில் தபால் வாக்குச்சீட்டுக்கு விண்ணப்பித்திருப்பார். பிறகு மனம் மாறி நேரில் போய் வாக்களித்திருப்பார். முதல் வரியில் ‘ரத்து’ என்ற குறியீடு, இரண்டாவதில் ‘ஏற்கப்பட்டது’ என்ற குறியீடு இருக்கும். விண்ணப்பித்தவர், சீட்டு அனுப்பப்பட்டவர், திருப்பி அனுப்பியவர், ஏற்கப்பட்டவர் எல்லாம் வேறு வேறு எண்ணிக்கைகள். ஏற்கப்பட்டதை மட்டும் எண்ணுங்கள். இரண்டு ஆண்டுக்கும் அதே விதியைப் பின்பற்றுங்கள்.

எத்தனை கவுண்டிகளின் எண்ணிக்கை என்பதையும் கவனியுங்கள். டெக்சஸில் 254 கவுண்டிகள் உண்டு. 2018இல் அந்த மாகாணம் நாள்தோறும் வெளியிட்டது மிகப் பெரிய 30 கவுண்டிகளின் எண்ணிக்கையை மட்டும்தான். பின்னர் வந்த தேர்தல்களில் எல்லாக் கவுண்டிகளும் வந்தன. அந்த 30ஐ இந்த 254உடன் ஒப்பிட்டால் உயர்வு தானாகவே தெரியும், அது பொய்யான உயர்வு.

படி 4: தேதியை விடுங்கள், ‘இன்னும் எத்தனை நாள்’ என்று எண்ணுங்கள்

தேர்தல் நாள் நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். அது 2014இல் நவம்பர் 4, 2018இல் நவம்பர் 6, 2022இல் நவம்பர் 8, 2026இல் நவம்பர் 3. அக்டோபர் 25ஆம் தேதியை எடுத்துக்கொண்டால், தேர்தலுக்கு 2014இல் 10 நாள், 2018இல் 12 நாள், 2022இல் 14 நாள் இருந்தது. 2026இல் 9 நாள்தான் இருக்கும். தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் 2022ஐவிட 2026க்கு ஐந்து நாள் வாக்குப்பதிவு சும்மா கூடிவிடும்.

ஆகவே உங்கள் எக்செல் தாளின் முதல் பத்தியில் தேதிக்குப் பதிலாக ‘தேர்தலுக்கு முன் மீதமுள்ள நாள்’ என்று போடுங்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தேர்தல் எப்போதும் செவ்வாய் என்பதால், 10 நாள் முன் என்றால் எந்த ஆண்டிலும் சனிக்கிழமைதான். வார இறுதியில் எண்ணிக்கை குறைவதும் திங்கள் ஏறுவதும் தாமாகவே ஒரே வரியில் வந்து நின்றுவிடும்.

வாக்குப்பதிவு தொடங்கும் நாளையும் சரிபாருங்கள். ஜார்ஜியாவில் 2018இல் அக்டோபர் 15, 2022இல் அக்டோபர் 17 தொடங்கியது. இரண்டுமே தேர்தலுக்கு 22 நாள் முந்தைய திங்கள், ஒப்பிடலாம். ஆனால் 2026இல் அந்த 22 நாள் முந்தைய திங்கள், அக்டோபர் 12, கொலம்பஸ் நாள் விடுமுறை. முதல் நாளை முதல் நாளோடு ஒப்பிடும் முன் தொடக்கத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

படி 5: எதால் வகுப்பது?

வெறும் எண்ணிக்கை போதாது. மக்கள்தொகை கூடினால் வாக்காளர்களும் கூடுவார்கள். வகுப்பதற்கு மூன்று வழிகள் உண்டு: பதிவு செய்த எல்லோரும், பதிவில் ‘செயலில் உள்ள’ (நீண்ட நாள் தொடர்பில்லாதவர் என்று ஒதுக்கப்படாத) வாக்காளர்கள் மட்டும், பதிவு செய்யாதவர்களையும் சேர்த்துத் தகுதியுள்ள எல்லாக் குடிமக்களும். எதை வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டு தேர்தலுக்கும் ஒன்றையே எடுங்கள்.

ஜார்ஜியாவில் செயலில் உள்ள வாக்காளர்கள் 2018இல் சுமார் 64 லட்சம். 2022இல் அது 70 லட்சத்தை நெருங்கியது. வாக்கு எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே நின்றதால் விகிதம் சுமார் 61 சதவீதத்திலிருந்து 57 சதவீதத்துக்கு இறங்கியது. முன்கூட்டிய வாக்குப்பதிவில் சாதனை படைத்த அதே தேர்தலில்தான் இது நடந்தது.

எனக்குத் தகுதியுள்ள குடிமக்களால் வகுப்பதே பிடிக்கும். பதிவுப் பட்டியல் நிர்வாகக் காரணங்களால் வீங்கும், சுருங்கும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே தானாகப் பதிவாகும் முறை வந்துவிட்டால் பட்டியல் சட்டென்று பெருகும், வாக்களிக்க ஆர்வமே இல்லாதவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் தகுதி என்பதும் மாறக்கூடியதுதான். புளோரிடாவில் 2018 நவம்பரில் நிறைவேறிய நான்காவது திருத்தம், தண்டனையை முடித்த பலருக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே 2018இல் தகுதியுள்ளவர்கள் என்ற கணக்கும் 2022இன் கணக்கும் ஒன்றல்ல.

படி 6: நேரில் வேறு, தபால் வேறு

இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். நேரடி வாக்கு அன்றே கணக்கில் ஏறும். தபால் வாக்கு வந்து சேர்ந்து, கையெழுத்து சரிபார்க்கப்பட்டு ஏற நாள் பிடிக்கும். 2022இல் நெவாடாவில் தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை குத்தப்பட்ட வாக்கு நான்கு நாள் கழித்து வந்தாலும் செல்லும். அந்தத் தேர்தலில் கேத்தரின் கோர்ட்டெஸ் மாஸ்டோ செனட் இடத்தை எட்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தக்கவைத்தது தெரிய நான்கு நாள் ஆனது. தேர்தலுக்கு முந்தைய நாள் வரை எண்ணி ‘முன்கூட்டிய வாக்கு இவ்வளவுதான்’ என்று கோடு போட்டிருந்தால், முடிவைத் தீர்மானித்த வாக்குகளே கணக்கில் வந்திருக்காது.

படி 7: புதியவரா, நாள் மாற்றி வந்தவரா?

முக்கியமான படி இதுதான். இங்கே நேரம் செலவழியுங்கள். முன்கூட்டியே வந்தவர் ஒவ்வொருவரும் இரண்டில் ஒருவர். ஒன்று, எப்படியும் தேர்தல் நாளில் வந்திருக்கக்கூடியவர், இந்த முறை முன்னாலேயே வந்துவிட்டார். அல்லது போன இடைக்காலத் தேர்தலில் வாக்களிக்காதவர், இப்போது வந்திருக்கிறார். முதல் வகையினர் மொத்தத்தைக் கூட்ட மாட்டார்கள்.

ஜார்ஜியாவில் நடந்ததைப் பாருங்கள். நேரில், தபாலில் இரண்டும் சேர்த்து 2018இல் முன்கூட்டியே வந்த வாக்குகள் சுமார் 21 லட்சம், 2022இல் சுமார் 25 லட்சம். அதாவது நான்கு லட்சம் கூடுதல். தேர்தல் நாளில் வந்தவர்கள் சுமார் 18 லட்சத்திலிருந்து 14 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தார்கள். இந்தப் பக்கம் கூடியது அந்தப் பக்கம் குறைந்திருக்கிறது. உயர்வு விகிதத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: முதல் நாளில் 85 சதவீதம், முன்கூட்டிய காலம் முடிந்தபோது சுமார் 19 சதவீதம், எல்லாம் முடிந்த பிறகு அரை சதவீதம்கூட இல்லை.

2018இல் முன்கூட்டிய வாக்குகள் மொத்தத்தில் சுமார் 53 சதவீதம். அதே பங்குதான் 2022லும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு 25 லட்சத்தை 0.53ஆல் வகுத்திருந்தால் மொத்தம் 47 லட்சம் என்று விடை வந்திருக்கும். உண்மையில் வந்தது 39.5 லட்சம். ஏழு லட்சத்துக்கும் மேல் பிழை.

எதிர் உதாரணமும் உண்டு. டெக்சஸில் 2018இல், டெட் குரூஸுக்கும் பெட்டோ ஓ’ரூர்க்கேவுக்கும் செனட் போட்டி நடந்தபோது, முன்கூட்டிய வாக்குப்பதிவு அபாரமாக உயர்ந்தது. மொத்தமும் அப்படியே உயர்ந்தது: 2014இல் சுமார் 47 லட்சம், 2018இல் 83 லட்சத்துக்கும் மேல். அங்கே கூடுதலாக வந்தவர்களில் பெரும்பகுதி உண்மையிலேயே புதியவர்கள்.

தேர்தல் முடிவதற்கு முன்பே இந்த இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. வாக்காளர் வரலாற்றுக் கோப்பு கிடைக்கும் மாகாணத்தில், இதுவரை வந்தவர்களைப் போன தேர்தலின் பட்டியலோடு பதிவு எண்ணை வைத்துப் பொருத்துங்கள். மூன்று குவியல் கிடைக்கும்: போன முறையும் முன்கூட்டியே வந்தவர்கள், போன முறை தேர்தல் நாளில் வந்தவர்கள், போன முறை வராதவர்கள். மூன்றாவது குவியலின் பங்கு, போன தேர்தலின் இதே நாளில் இருந்ததைவிடக் கூடியிருந்தால் மொத்தமும் கூட வாய்ப்பு உண்டு. இரண்டாவது மட்டும் வீங்கியிருந்தால் பழக்கம்தான் மாறியிருக்கிறது. மூன்றாவது குவியலில் 18 வயது நிரம்பியவர்களும் வெளி மாகாணத்திலிருந்து குடிவந்தவர்களும் எப்போதும் கொஞ்சம் இருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 8: கட்சிக் கணக்கு

ஜார்ஜியாவிலும் டெக்சஸிலும் வாக்காளர் பதிவில் கட்சி என்ற விவரமே கிடையாது. அங்கே ‘ஜனநாயகக் கட்சியினர் இத்தனை சதவீதம்’ என்று யாராவது சொன்னால், அது அந்த வாக்காளர் எந்தக் கட்சியின் முதன்மைத் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) வாக்களித்தார் என்பதிலிருந்தோ, மாதிரிக் கணிப்பிலிருந்தோ வந்தது. புளோரிடா, வட கரோலினா, நெவாடா, பென்சில்வேனியாவில் கட்சிப் பதிவு உண்டு. அங்கேயும் பதிவு செய்த கட்சிக்கே வாக்களித்தார் என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2020இல் டொனால்டு டிரம்ப் தபால் வாக்குக்கு எதிராகப் பேசியதிலிருந்து குடியரசுக் கட்சியினர் பலர் தேர்தல் நாளையே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே 2022இல் முன்கூட்டிய வாக்குகளில் ஜனநாயகக் கட்சி முன்னால் தெரிந்த இடங்களில்கூட அந்த இடைவெளியைப் பழைய தேர்தல்களோடு ஒப்பிட முடியவில்லை. 2024க்குள் குடியரசுக் கட்சியே தன் ஆதரவாளர்களை முன்கூட்டியே வாக்களிக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. 2026இல் அவர்களின் முன்கூட்டிய எண்ணிக்கை 2022ஐவிட ஏறினால், அதை எழுச்சி என்று எழுதுவதற்கு முன் படி 7இன் இரண்டாவது குவியலைப் பாருங்கள்.

படி 9: அந்த ஆண்டின் சூழல்

வாக்குச்சீட்டில் மேலே எந்தப் பதவிக்கான போட்டி இருக்கிறது என்பது வாக்குப்பதிவை மாற்றும். வட கரோலினாவில் 2018இல் செனட் போட்டியும் இல்லை, ஆளுநர் போட்டியும் இல்லை. 2022இல் செனட் போட்டி இருந்தது. புயலும் கணக்கைக் கலைக்கும். புளோரிடாவை 2018 அக்டோபரில் மைக்கேல் புயலும், 2022 செப்டம்பர் கடைசியில் இயன் புயலும் தாக்கின. பாதிக்கப்பட்ட கவுண்டிகளில் விதிகள் தளர்த்தப்பட்டன, ஆனால் தாக்கிய இடங்கள் வேறு வேறு. அந்தக் கவுண்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை ஒப்பிடுங்கள்.

2026க்கு இப்போதே தயார் செய்ய வேண்டியவை

மிச்சிகனில் 2022இல் நிறைவேறிய வாக்கெடுப்பு ஒன்பது நாள் நேரடி முன்கூட்டிய வாக்குப்பதிவைக் கொண்டுவந்தது. கனெக்டிகட்டில் அது 2024இல்தான் தொடங்கியது. இரண்டுக்கும் 2026தான் இந்த முறையிலான முதல் இடைக்காலத் தேர்தல். 2022உடன் ஒப்பிடும் எந்த உயர்வையும் அங்கே நம்ப வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு மாகாணத்திலும் தபால் வாக்கு வந்து சேர வேண்டிய கடைசி நாளை அக்டோபரில் மறுபடியும் சரிபாருங்கள். இதைப் பற்றிய சட்டங்களும் வழக்குகளும் சமீப காலமாக ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

2018, 2022 ஆண்டுகளின் நாள்வாரி எண்ணிக்கையை இப்போதே இறக்கி ‘மீதமுள்ள நாள்’ கணக்கில் அடுக்கி வைத்துவிடுங்கள். தேர்தல் நெருங்கும்போது பழைய பக்கங்களைத் தேடுவது கடினம்; மாகாணங்கள் இணையதளத்தை மாற்றியமைக்கும்போது நாள்வாரி அறிக்கைகளின் சுட்டிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. மாகாணத்துக்கு ஒரு தாள் வையுங்கள். அதன் தலைப்பிலேயே சட்ட மாற்றம், தொடக்க நாள், வகுக்கும் எண், எத்தனை கவுண்டிகள் என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். தேர்தல் நாள் வாக்குக்கு ஒரு பத்தியைக் காலியாக விட்டு வையுங்கள். மாகாணம் முடிவைச் சான்றளித்த பிறகு அதை நிரப்பிக்கொள்ளலாம்.